கிளட்ச் பிளேட்டுக்குப் புத்தூர்க் கட்டு

நாற்பத்தேழு வயதில், என் முழங்கால் தேய்ந்து, கடைவாய்ப் பல் தேய்ந்து, அலுவலக நாற்காலியின் இருக்கை கூடத் தேய்ந்துவிட்ட காலத்தில், நான் என் மோட்டார் சைக்கிளின் எஞ்சினைப் பெரிதாக்கினேன். காரணத்தை இதுவரை யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை. ஒரு ஷேர் ஆட்டோ என்னை முந்திக்கொண்டு போனதுதான் காரணம்.

சும்மா முந்தவில்லை. திருச்சானூரிலிருந்து திருப்பதிக்குள் போகும் சாலையில், பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு முந்தியது. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், வேர்க்கடலையை ஒவ்வொன்றாக உரித்து வாயில் போட்டபடி, என்னையே பார்த்துக்கொண்டு மெல்லச் சிறுத்துப் போனார். என் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி சுகந்தி, "அந்தம்மா நம்மள பாத்து பாவப்படறாங்க" என்றாள். (பாவப்பட்டதை நானும் பார்த்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.)

அன்று முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் புத்தூரில் ஒரு கல்லூரியில் உதவி நூலகர். நூலகர்களுக்கு ஒரு தொழில் வியாதி உண்டு. ஒரு விஷயத்தைப் படித்துவிட்டால் அதைச் செய்தே முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். இரண்டு வாரம் எஞ்சின்களைப் பற்றிப் படித்தேன். சாப்பிடும்போது படித்தேன், ஜெபக்கூட்டத்தில் கண்ணை மூடச் சொன்னபோது பாதி மூடிக்கொண்டு படித்தேன். முடிவில், என் நூறு சிசி வண்டியில் சிலிண்டரை மாற்றி, அதைவிடப் பெரிய பிஸ்டனைப் போட்டால், எந்த ஷேர் ஆட்டோவும் என் முதுகைத்தான் பார்க்கும் என்று தெரிந்துகொண்டேன்.

"வண்டிக்கு இன்னா வயசு?" என்று கேட்டாள் சுகந்தி.

"பதினாறு."

"உங்களுக்கு?"

எஞ்சினைப் பற்றிப் பேசும்போது ஆளைப் பற்றிப் பேசக் கூடாது.

திருப்பதியில் மஸ்தான் பாயின் பட்டறையைத் தேடிப் பிடித்தேன். ஐம்பது வயது இருக்கும். பாதி தமிழ், பாதி தெலுங்கு, இரண்டுக்கும் நடுவில் ஒரு பெருமூச்சு. அதுதான் அவருடைய மொழி. எஞ்சினைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு பழைய தெலுங்கு நாளிதழின் மேல் வரிசையாகப் பரப்பினார். என் பதினாறு வருட வாழ்க்கை கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு கிடந்தது.

"சூடு சார்" (தெலுங்கில் 'பாருங்கள்') என்று கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். டக் டக் என்றது. "இது போச்சி. பேரிங் ரெண்டும் போச்சி. டைமிங் செயின் இழுத்துக்கிச்சி. கிளட்ச் பிளேட்டு வழவழன்னு ஆயிடுச்சி பாருங்க, மூஞ்சி பாத்துக்கலாம்."

"எனக்குப் பெரிய பிஸ்டன் மட்டும் போதுமே பாய்."

"அதே கதா சார், அதத்தான் சொல்றேன்! பெரிய பிஸ்டன் போட்டா அடி பெருசா விழும். அந்த அடிய யாரு தாங்கறது? பயில்வான கூட்டியாந்து ஒடஞ்ச கட்டில்ல படுக்கப் போட்டா இன்னா ஆவும்?"

மனமில்லாமல் ஒப்புக்கொண்டேன். கனெக்டிங் ராட் புதிது, பேரிங் புதிது, டைமிங் செயின் புதிது. கிளட்ச் பிளேட்டுக்கு வந்தபோதுதான் என்னுள் இருந்த புத்தூர்க்காரன் விழித்துக்கொண்டான்.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். புத்தூர் என்றால் எலும்பு. கை ஒடிந்தவர்களும் கால் ஒடிந்தவர்களும் எங்கெங்கிருந்தோ எங்கள் ஊருக்கு வந்து இறங்குகிறார்கள். பச்சிலையும் முட்டையும் துணியும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டி அனுப்புகிறார்கள். வெட்டுவது இல்லை, திருகாணி இல்லை, தகடு இல்லை. இந்த ஊரில் ஐந்து வருடம் குடியிருந்தாலே போதும், உலகத்தில் எதையும் மாற்றத் தேவையில்லை, சரியாகப் பொருத்திக் கட்டினால் கூடிவிடும் என்கிற எண்ணம் ரத்தத்தில் ஏறிவிடும். எங்கள் தெருவில் கிழிந்த செருப்பையும் சரி, முறிந்த கல்யாணப் பேச்சையும் சரி, யாரும் எளிதில் தூக்கிப் போடுவதில்லை. நானே முந்தைய வருடம் நூலக ஏணியிலிருந்து விழுந்து, இடது கையை ஒடித்துக்கொண்டு, அந்தக் கட்டால்தான் குணமானவன்.

அந்தக் கையை மஸ்தான் பாயின் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"பாய், இந்தக் கையப் பாருங்க. ரெண்டு துண்டா போச்சி. யாராவது எனக்கு புதுக் கை மாட்டினாங்களா? இருக்கறதயே கட்டி வச்சாங்க. இப்ப அரிசி மூட்ட தூக்கறேன்." (தூக்கியதில்லை. கால்வாசி மூட்டையை ஒருமுறை நகர்த்தியிருக்கிறேன்.)

மஸ்தான் பாய் கையை நன்றாகப் பார்த்தார். "கை வேற, கிளட்ச் வேற சார். எலும்பு தன்னால வளரும். முப்பது வருசமா இந்தப் பட்டறயில ஒக்காந்துக்கினு இருக்கறேன், எந்த பிளேட்டும் தன்னால வளந்து நான் பாத்ததில்ல."

"உப்புத்தாள் போட்டுத் தேச்சா பிடிப்பு வந்துடும்னு படிச்சேன்."

"எங்க படிச்சீங்க?"

"புத்தகத்தில."

"அந்த புஸ்தகம் எழுதினவரு வண்டி ஓட்டுவாரா?"

நான் விடவில்லை. பையிலிருந்து ஸ்கேலை எடுத்து (ஆமாம், கொண்டு போயிருந்தேன்) பிளேட்டின் தடிமனை அளந்தேன். புத்தகத்தின்படி மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்தாலும் மாற்ற வேண்டும். பள்ளிக்கூட ஸ்கேலில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே கோடு கிடையாது. அந்த இடைவெளியை என் மனச்சாட்சி நிரப்பியது. "மூணு" என்று அறிவித்தேன்.

மஸ்தான் பாய் தனக்கே உரிய பெருமூச்சை விட்டார். உப்புத்தாளை என் கையிலேயே கொடுத்தார். "நீங்களே தேய்ங்க சார். நான் தேச்சேன்னு நாளைக்கி ஒருத்தன் சொல்லக் கூடாது." அரைமணி நேரம் ஒரு சிற்பியைப் போலத் தேய்த்தேன்.

வண்டியைக் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை போட்டார். முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு நாற்பதுக்கு மேல் போகக் கூடாது. புது பிஸ்டனும் புது சிலிண்டரும் ஒன்றோடொன்று பழக வேண்டுமாம். "புதுசா கல்யாணம் ஆனவங்க மாதிரி சார். மொதல்ல மெதுவா பேசணும்."

இங்கேதான் பியூலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகள். லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருந்தாள். போன இரண்டு நேர்காணலிலிருந்தும் பதிலே வரவில்லை. மூன்றாவதாக, திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. பன்னிரண்டு நாள் கழித்து, காலை ஒன்பதரை மணிக்கு. தாமதமாக வருபவர்கள் அனுமதிக்கப்பட மாட்டார்கள் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அவள் அந்தக் கடிதத்தை பைபிளுக்குள் வைத்திருந்தாள். எந்த அதிகாரத்தில் வைத்தாள் என்று நான் பார்க்கவில்லை. ஆனால் தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்ததைப் பார்த்தேன்.

"நான் கொண்டு விடறேன்" என்றேன், அழைப்பு வந்த நிமிடமே. புது எஞ்சினுக்கு இதைவிடச் சிறந்த அரங்கேற்றம் ஏது?

"ஏழு மணி பஸ்ஸு இருக்குது நைனா."

"பஸ்ஸு வடமாலப்பேட்டையில அரமணி நிக்கும். நம்ம வண்டில நாப்பது நிமிஷம்."

அதற்குள் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டி முடிக்க வேண்டும். எங்கே போவது? எங்கும் போக வேண்டியதில்லை, போய்க்கொண்டே இருந்தால் போதும். காலையில் நாராயணவனம், மாலையில் நகரி, கல்லூரி விடுமுறையில் விஜயபுரம் பக்கத்துக் கிராமங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, முந்நூறு மீட்டரில் இருக்கும் வீட்டுக்கு நகரி வழியாக வந்தேன். பிரியாணி ஆறிப்போயிருந்தது.

"எங்க போய்க்கினு இருக்கீங்க?" என்றாள் சுகந்தி.

"எங்கயும் இல்ல."

"அதுக்கு ஏன் மூணு மணி நேரம்?"

நாற்பதில் போவது சாதாரண வேதனை அல்ல. கீழே ஓர் அரக்கன் உட்கார்ந்திருக்கிறான், அவனைத் தாலாட்டிக்கொண்டே ஓட்ட வேண்டும். வலது கை மணிக்கட்டு அரித்தது. மாடுகள் என்னைத் திரும்பிப் பார்த்தன. மூன்றாம் நாள் நாய்கள் துரத்துவதை நிறுத்திவிட்டன. துரத்துவதற்கான வேகம் இல்லை என்று முடிவெடுத்திருக்க வேண்டும்.

விஜயபுரம் பக்கம் ஒரு கடலைக் கொல்லை அருகே, தினமும் ஒரே இடத்தில் நிறுத்தி, மீட்டரைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வேன். நான்காம் நாள் கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் களையெடுப்பதை விட்டுவிட்டு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நின்ற பெண்மணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

"சர்வே சாரா? நாலு நாளா மெதுவா வந்து, அந்தப்பக்கம் இந்தப்பக்கம் பாத்துக்கினு எழுதிக்கினு போறீங்களே. ரோடு வைடனிங்கா? எங்க நெலத்துல எவ்ளோ போவுது?"

"இல்லம்மா, நான் வண்டி பழக்கிக்கினு இருக்கேன்."

"இந்த வயசுலயா வண்டி பழகறீங்க?"

கூட்டத்தில் ஒருவர் ஓடிப்போய்த் தெலுங்கில் எழுதிய மனு ஒன்றைக் கொண்டுவந்து என் பாக்கெட்டில் செருகினார். வீட்டுப் பட்டா சம்பந்தமானது. மறுக்க மறுக்க ஒரு செம்பு மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டேன். ஒரு பொய்யும் சொல்லாமல் அரசு அதிகாரியாகிவிட்ட குற்ற உணர்ச்சியில், மறுநாள் அந்த மனுவை மண்டல அலுவலகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். (அது போக வர இருபத்திரண்டு கிலோமீட்டர். நோட்டில் குறித்துக்கொண்டேன்.)

நேர்காணலுக்கு முந்தைய நாள் மீட்டர் ஐந்நூற்றுப் பன்னிரண்டைக் காட்டியது. அரக்கனை எழுப்பலாம்.

காலை எட்டேகாலுக்குக் கிளம்பினோம். பியூலா வெள்ளைச் சுடிதார் போட்டிருந்தாள். சான்றிதழ் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். சுகந்தி வாசலில் நின்று ஜெபம் செய்தாள். மகளுக்காகச் செய்தாள் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது அவள் பார்வை வண்டியின் மேல் இருந்தது.

வடமாலப்பேட்டை வரை நாற்பதிலேயே போனேன். பழக்கதோஷம். ஊரைத் தாண்டியதும், "கெட்டியா புடிச்சிக்கோம்மா" என்று சொல்லிவிட்டு ஆக்ஸிலரேட்டரைத் திருகினேன்.

என்னே ஒரு கர்ஜனை! பன்னிரண்டு நாள் அடக்கி வைத்த எஞ்சின் வாய் திறந்தது. சாலையோரத்து வேப்பமரத்திலிருந்து காக்கைகள் எழுந்து பறந்தன. இன்னும் திருகினேன். கர்ஜனை இன்னும் கூடியது. ஸ்பீடோமீட்டரைப் பார்த்தேன். முப்பத்தெட்டு.

எதிர்க்காற்று என்று நினைத்தேன். மரத்தில் ஓர் இலை அசையவில்லை.

"நைனா, வண்டி கத்துது."

"பவரும்மா."

"பவரா? ஸ்லோ ஆவுது நைனா."

அப்போது மேம்பாலம் வந்தது. ஏற ஆரம்பித்தோம். நான் திருகத் திருகச் சத்தம் வானத்துக்கு ஏறியது, வண்டி மட்டும் தரையிலேயே தயங்கியது. முப்பது. இருபது. பன்னிரண்டு. எஞ்சின் அங்கே பயில்வானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சுற்றலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோக வேண்டிய பிளேட்டுகள், நான் என் கையால் தேய்த்த அதே பிளேட்டுகள், பிடிப்பில்லாமல் வழுக்கிக்கொண்டிருந்தன. நாற்பதில் போனவரை அவற்றுக்கு வேலையே இல்லை. வேலை வந்த முதல் நாளே கைவிரித்துவிட்டன. கொட்டாங்கச்சியும் தலைமுடியும் சேர்ந்து எரிவதைப் போல ஒரு நாற்றம் எழுந்தது.

கீரைக் கட்டுகளை வைத்துக்கொண்டு சைக்கிளில் ஒருவர் எங்களைத் தாண்டினார். தாண்டும்போது, "இன்னா சார், பிரேக்கு புடிச்சிக்கினே வர்றியா?" என்று உண்மையான அக்கறையுடன் கேட்டார்.

பியூலா இறங்கி நடந்தாள். நான் வண்டியில் இருந்தபடி, காலால் தரையை உதைத்து உதைத்து, பயங்கரச் சத்தத்துடன் அவளைத் தொடர்ந்தேன். பாலத்தின் உச்சியை அவள் முதலில் அடைந்தாள்.

அங்கே வண்டி நின்றது. மணி எட்டு ஐம்பத்தைந்து.

அவள் திட்டவில்லை. மணியைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள், கோப்பை இன்னும் இறுக்கிக்கொண்டாள். உதட்டைக் கடித்தபடி என்னைப் பார்க்காமல் நின்றாள். இந்தக் கட்டுரையை நான் நாலைந்து முறை எழுதிப் பார்த்துவிட்டேன். அந்த முகத்தைப் பற்றி வேடிக்கையாக எழுத மட்டும் இன்னும் எனக்கு வரவில்லை.

ஏழு மணி பஸ் எப்போதோ போயிருக்கும். அடுத்த பஸ் எங்களைப் பார்த்தும் நிற்காமல் போனது. நான் சாலையின் நடுவில் போய் இரண்டு கையையும் (ஒடிந்து கூடிய கையையும் சேர்த்து) ஆட்டினேன். ஒரு குட்டியானை வண்டி நின்றது. பின்னால் முழுக்கப் பூ மூட்டைகள். திருப்பதிச் சந்தைக்குப் போகிற சாமந்தியும் ரோஜாவும். ஓட்டுநரின் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பியூலா தெலுங்கில் நாலே வரியில் விஷயத்தைச் சொன்னாள். ஓட்டுநர் என்னையும் வண்டியையும் ஒரு பார்வை பார்த்தார். "எக்கு பாப்பா, எக்கு!" என்று பின்பக்கத்தைக் காட்டினார். வெள்ளைச் சுடிதாரோடு அவள் பூ மூட்டைகளின் மேல் ஏறினாள். நானும் ஒரு காலைத் தூக்கி வைத்தேன்.

"நீ வேணாம் நைனா" என்றாள். "நீ வண்டியப் பாத்துக்கோ."

நீ வந்தால் இந்த வண்டியும் நின்றுவிடும் என்று அவள் சொல்லவில்லை. கண் சொன்னது. பூக்களின் மேல் அரசியைப் போல உட்கார்ந்து அவள் பாலத்தில் இறங்கிப் போனாள். நான் கருகிய நாற்றத்தோடு நின்றேன்.

வண்டி ஆறியபின் நடக்கிற வேகத்தில் நகர்ந்தது. சூடானதும் நின்றது. இப்படி நின்று நின்று மஸ்தான் பாயின் பட்டறையை அடையும்போது உச்சிவெயில். வழியெல்லாம் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அழைப்பு இல்லை. நானாக அழைக்கத் தைரியம் இல்லை.

மஸ்தான் பாய் மூக்கை ஒரு தரம் உறிஞ்சினார், அதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. மூடியைத் திறந்து பிளேட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். அடுப்பில் மறந்துபோன அப்பளங்கள். அவற்றைத் தாளில் பொட்டலமாகக் கட்டி மரியாதையுடன் இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"புத்தூருக்கு எடுத்துக்கினு போங்க சார். கட்டு போடுவாங்க."

அப்போதுதான் போன் அடித்தது. பியூலா.

"கேட்ட மூடிக்கினு இருந்தாங்க நைனா. பூ வண்டிக்காரரு ஆரன விடாம அடிச்சிக்கினே வந்தாரு. ஆம்புலன்ஸு போலன்னு வாட்ச்மேன் தொறந்துட்டாரு."

"உள்ள போயிட்டியா?"

"போயிட்டேன். கடேசியா கூப்ட்டாங்க. தலையெல்லாம் சாமந்தி இதழு. டாக்டரம்மா ஏன் லேட்டுன்னு கேட்டாங்க. எங்க நைனா மோட்டார் சைக்கிள்ல கூட்டிக்கினு வந்தாருன்னு சொன்னேன்."

"அதுக்கு இன்னா சொன்னாங்க?"

"ஒரு கிளாஸு தண்ணி குடுக்கச் சொன்னாங்க."

மூன்று வாரம் கழித்து வேலை உத்தரவு வந்தது. அந்த மூன்று வாரமும் நான் வீட்டில் எப்படி நடமாடினேன் என்பதை விவரிக்க மாட்டேன். தபால்காரர் எங்கள் தெருவுக்குள் நுழையும்போதெல்லாம் நான் பின்கட்டுக்குப் போய்க் கிணற்றுக் கயிற்றைச் சரிபார்த்தேன். (கிணற்றில் தண்ணீர் வற்றி வருடங்கள் ஆகின்றன.)

இப்போது எங்கள் வீட்டில் 'பிளேட்டு போச்சி' என்பது நிலையான சொல்லாகிவிட்டது. குக்கர் ஏழு விசில் அடித்தும் பருப்பு வேகவில்லையா, பிளேட்டு போச்சி. தொலைக்காட்சியில் யாரோ மேசையைத் தட்டித் தட்டிப் பேசுகிறார்களா, பிளேட்டு போச்சி. நான் குரலை உயர்த்தினால் அதைச் சொல்லக்கூட வேண்டியதில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் போதும்.

பியூலா வேலையில் சேர வேண்டிய நாள் வந்தது. ஆறரை மணிக்கே தயாராகிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நான் வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தேன்.

"பஸ்ஸெல்லாம் வேணாம்மா" என்றேன். "இந்தத் தடவ ஒரு கவலயும் இல்ல. எல்லாமே மாத்தியாச்சி! பிளேட்டு அஞ்சும் புதுசு, ஸ்பிரிங்கு புதுசு, ஆயிலு புதுசு! நானே கூட நின்னு பாத்தேன். இப்ப அந்த மேம்பாலத்துல ஏறினா எப்டிப் போவும் தெரியுமா? தேய்ஞ்ச பார்ட்ட வச்சிக்கினு பெரிய வேலய எடுக்கக் கூடாதுன்னு நானே இப்ப நாலு பேருக்குச் சொல்லிக்கினு இருக்கேன்..." என்று குரல் உயர, கை வீசி, ஐந்து நிமிடமாவது பேசியிருப்பேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

சுகந்தி சாப்பாட்டு டப்பாவை மகளின் பையில் வைத்து ஜிப்பை மூடினாள். என் பக்கம் திரும்பவேயில்லை.

"ரேஸ கொறைங்க" என்றாள். "கருகுன வாசன வருது. பொண்ணு பஸ்ஸுக்குப் போவட்டும்."